குரலும் பின்னணியும்: வீட்டு ஒலிப்பதிவின் கதை

நமது பகுதியில் பாட்டெழுதத் தெரிந்தவர்களுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. மீலாத் விழாவுக்கு ஒன்று, பாடசாலைக் கலைவிழாவுக்கு ஒன்று, கல்யாண வீட்டுக்கு ஒன்று என எழுதிக் குவித்தார்கள். மெட்டமைத்துப் பாடவும் ஆட்கள் இருந்தார்கள். ஆயினும் அவற்றுள் ஒலிப்பதிவாகி எஞ்சியவை மிகச் சொற்பம். ஏனென்று கேட்டால் முன்பெல்லாம் ஒரே விடைதான்: "கலையகம் கொழும்பிலல்லவா இருக்கிறது?" இன்றைய இளைஞர்கள் வேறொரு விடை சொல்கிறார்கள்: "நல்ல மைக் இல்லை, நல்ல மெஷின் இல்லை." எனக்கென்னவோ இரண்டும் ஒரே முறைப்பாடாகவே தோன்றுகின்றன. இந்த முறைப்பாட்டில் எவ்வளவு நியாயம் உண்டு என்று பார்க்கத்தான் வீட்டு ஒலிப்பதிவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க என் கேள்வி மாறிவிட்டது. மைக்கின் விலையை விட்டுவிட்டு, பாடுபவரின் குரலும் அதன் பின்னணி இசையும் எப்போது ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன என்பதைத் தேடலானேன்.

ஆரம்ப காலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 1925 வரையில் பெரிய கொம்பு போன்ற குழாயொன்றின் முன் எல்லோரும் கூடி நின்று பாடினார்கள், வாசித்தார்கள். பாடகர் கொம்பின் வாயருகில் நிற்பார், எக்காளம் ஊதுபவர் சுவரோரம் தள்ளி நிற்பார். குரலையும் இசையையும் கலப்பதென்றால் ஆளை முன்னே பின்னே நகர்த்துவதுதான். 1925இல் மின்சார முறையும் மைக்கும் வந்தன. அப்போதும் ஒரே மூச்சில்தான் பதிவு. ஒருவர் பிழைவிட்டால் அனைவரும் மறுபடி தொடங்கவேண்டும். 1941இல் சிட்னி பெசே என்ற ஜாஸ் கலைஞர், ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தில் ஆறு வாத்தியங்களையும் தானொருவராகவே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துப் பதிந்தார். அது நிறுவனத்தின் கூடத்தில், நிறுவனத்தின் இயந்திரங்களில் நடந்த ஒரு புதினம். அந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் லெஸ் போல்.

லெஸ் போல் 1915இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பிறந்த கிட்டார் கலைஞர். 1940களின் நடுப்பகுதியில் ஹொலிவூட்டில் தனது வீட்டுக் கார்க் கொட்டகையை ஒலிப்பதிவு அறையாக்கினார். இசைத்தட்டு வெட்டும் இயந்திரத்தைத் தானே செய்தார். அதன் சுழல்தட்டுக்கு அவர் தேர்ந்தது கெடிலாக் காரொன்றின் கனத்த பறக்கும் சக்கரம். அதில் காரியமிருந்தது. சுழலும் வேகம் சற்றுத் தளம்பினாலும் சுருதி தளம்பும். தனியொரு பதிவில் அது காதுக்குத் தெரியாமற் போகலாம். ஒன்றின்மேல் ஒன்றாக எட்டுப் பதிவுகளை அடுக்கும்போது தளம்பிய சுருதிகள் ஒன்றோடொன்று சண்டையிடும். பாரமான சக்கரம் வேகத்தை ஒரே சீராக வைத்திருந்தது. ஒரு தட்டில் வாசித்ததை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் மற்றத் தட்டில் பதிவது அவர் முறை. இப்படி எட்டுக் கிட்டார்ப் பகுதிகளை அடுக்கிய 'லவர்' என்ற இசைத்தட்டை 1948இல் கெப்பிட்டல் நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு சனவரியில் கார் விபத்தொன்றில் அவரது வலது முழங்கை நொறுங்கியது. இனி அது மடங்காது என்று தெரிந்ததும், கிட்டார் பிடிக்கத் தோதான கோணத்தில் எலும்பைப் பொருத்தும்படி வைத்தியர்களிடம் கேட்டுக்கொண்டாராம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற காந்த நாடாத் தொழில்நுட்பத்தை அம்பெக்ஸ் நிறுவனம் வளர்த்தெடுத்தது. வானொலி நட்சத்திரமான பிங் குரொஸ்பி அதற்குப் பணம் போட்டார். அவரே 1949இல் அம்பெக்ஸ் இயந்திரமொன்றை லெஸ் போலுக்குக் கொடுத்தார். அதில் லெஸ் போல் செய்த மாற்றம் ஒன்றேயொன்றுதான். மேலதிகமாக ஒரு ஹெட்டைப் பொருத்திக்கொண்டார். கசெட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஹெட் என்றால் தெரியும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்போமே, அதுதான். நாடா முதலில் அழிக்கும் ஹெட்டைக் கடக்கும், பிறகு பதியும் ஹெட்டை. அழிபடுவதற்குச் சற்று முன்னரே பழைய ஒலியை வாசித்துவிடும்படி இவருடைய புதிய ஹெட் நின்றது. வாசித்த பழையதும் மைக்கில் வரும் புதியதும் ஒன்றாகக் கலந்து அதே நாடாவில் மீண்டும் பதிவாகும். பெரிய கூடம் வேண்டியதில்லை, ஒரு மெஷினும் ஒரு மைக்கும் போதும். ஹோட்டல் அறையிலும் குசினியிலும் பதியலாம்.

ஆனால் அதற்கொரு விலை இருந்தது. பழையது அழிந்துகொண்டே போகும். பதினோராவது அடுக்கில் இருமல் வந்தால் பத்து அடுக்கும் போயிற்று. தவிரவும், ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் முதலில் பதிந்தது மங்கும், இரைச்சல் கூடும். எனவே முக்கியமற்றதை முதலிலும் தலையாய குரலைக் கடைசியிலும் பதியவேண்டும். இன்னும் பிறவாத பாட்டின் முழு உருவத்தையும் முதல் அடுக்கிலேயே மனதில் வைத்திருக்கவேண்டும்.

லெஸ் போலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கிட்டாரையே எழுதுகிறார்கள். என் கணிப்பில் இந்த முறையின் முழுப் பாரத்தையும் சுமந்தவர் அவர் மனைவி மேரி போர்ட். தன் குரலுக்குத் தானே துணைக்குரல் பாடவேண்டும். முதல் தடவை எந்த இடத்தில் மூச்செடுத்தாரோ அதே இடத்தில் ஐந்தாம் தடவையும் எடுக்கவேண்டும். சொல்லின் கடைசி எழுத்து எல்லா அடுக்கிலும் ஒரே கணத்தில் முடியவேண்டும். அக்காலப் பாடகர்கள் மைக்கிலிருந்து இரண்டடி விலகி நிற்பதே வழக்கம். மேரியோ மைக்கை ஒட்டி நின்று மெல்லப் பாடினார். மைக்கை நெருங்கினால் குரலின் அடிப்பகுதி கனக்கும், அறையின் எதிரொலி குறையும், கேட்பவருக்குக் காதருகே பேசுவது போலிருக்கும். 1951 சனவரியில் நியூயோர்க்கின் ஜெக்ஸன் ஹைட்ஸ் பகுதியில், தாம் குடியிருந்த வீட்டில் அவர்கள் பதிந்த 'ஹவ் ஹை த மூன்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

இந்த வித்தையின் ஏழை வடிவமொன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1980களின் தொடக்கம். மருதமுனையில் எங்கள் சாச்சா சவூதியிலிருந்து வந்தபோது ரேடியோ கசெட் ஒன்று கொண்டுவந்தார். பக்கத்து வீட்டிலும் ஒன்றிருந்தது. பகலில் தறியிலும் இரவில் பாட்டிலும் காலம் கழித்த ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். எல்லோருக்கும் அவர் நானாதான். ஆர்மோனியத்தையும் றபானையும் முதலில் ஒரு மெஷினில் பதிவோம். அதை ஓடவிட்டு, நானாவை முன்னால் நிறுத்திப் பாடவைத்து, மற்ற மெஷினில் பதிவோம். துணைக்குரல் வேண்டுமென்றால் இன்னொரு சுற்று. லெஸ் போல் என்ற பெயரை அப்போது நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. மூன்றாம் சுற்றில் றபான் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போலாகிவிடும், இரைச்சல் மழைபோல் பெய்யும். போதாக்குறைக்கு மைக் மெஷினுக்குள்ளேயே இருந்தபடியால் அயல்வீட்டுக் கைத்தறிச் சத்தமும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொள்ளும். "தறியை நிப்பாட்டச் சொல்லுங்களன்" என்றால் நானா சிரிப்பார். தறி நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

அழியாமல் அடுக்குவது எப்படி? லெஸ் போலின் தீர்வு, ஒரே அகலமான நாடாவில் எட்டுத் தனித்தனித் தடங்கள். 1957இல் அம்பெக்ஸ் அவருக்கு அத்தகைய இயந்திரத்தைச் செய்துகொடுத்தது. விலை 10,000 டொலர். அதற்குள் ஒரு நுட்பமான சிக்கல் தீர்க்கப்பட்டிருந்தது. நாடாவில் பதியும் ஹெட் முன்னாலும் வாசிக்கும் ஹெட் பின்னாலும் இருக்கும். நாடா செக்கனுக்கு 38 சென்ரிமீட்டர் ஓடுகிறது, இரண்டுக்கும் இடையே நாலு சென்ரிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியை வாசிக்கும் ஹெட்டில் கேட்டுப் பாடினால், குரல் பத்திலொரு செக்கன் பிந்தியே நாடாவில் விழும். தாளம் கெட்டுவிடும். அம்பெக்ஸ் பொறியியலாளர்கள் பதியும் ஹெட்டையே வாசிக்கவும் வைத்தார்கள். ஏனைய தடங்களை அதே இடத்தில் கேட்டபடி புதிய தடத்தில் பாடலாம். இன்று உலகெங்கும் பின்னணி இசையைக் காதில் மாட்டிக்கொண்டு பாடும் ஒவ்வொருவரும் அந்த ஏற்பாட்டின் வாரிசுகள். குரல் தனியே, பின்னணி தனியே. கலப்பதை நாளைக்குத் தள்ளிப்போடலாம்.

பத்தாயிரம் டொலர் வசதிபடைத்தவர்களின் விலை. ஆனால் குரலில்லாத பின்னணியைத் தனியொரு பொருளாக எடுத்து அதில் ஒரு கலையையே கட்டியவர்கள் ஜமெய்க்காவின் வறிய தெருக்களில் இருந்தார்கள். 1960களின் இறுதியில், ஸ்பானிஷ் டவுனில் ஒலிபெருக்கி வைத்து ஆட்டவிழா நடத்திய ரூடி ரெட்வூட்டுக்குக் கிடைத்த மாதிரித் தட்டொன்றில், குரலைச் சேர்க்கத் தவறியிருந்தார்கள். அவர் அதை அப்படியே ஓடவிட்டார். கூட்டம் முழுவதும் தானே பாடிற்று. அதன் பிறகு இசைத்தட்டின் மறுபக்கத்தில் வெறும் பின்னணியை வெளியிடுவது வழக்கமாயிற்று. 1970இல் யு-ரோய், பழைய பாடல்களின் பின்னணிமீது தாளத்தோடு பேசியே வெற்றித் தட்டுகளை வெளியிட்டார். கிங்ஸ்டன் நகரின் டுரோமிலி அவெனியூவில் கிங் டபி என்ற ரேடியோ திருத்துநர் தன் வீட்டில் ஒரு சிறு கூடம் வைத்திருந்தார். வாத்தியக் குழுவொன்று அதற்குள் கொள்ளாது. தயாரிப்பாளர்கள் வேறிடத்தில் பதிந்த பின்னணியை நாடாவில் கொண்டுவருவார்கள். டபியின் வீட்டில் குரல் மட்டும் ஏறும், கலவை நடக்கும். பிறகு நான்கு தடங்களின் பிடிகளையும் விரலால் ஏற்றி இறக்கி, குரலைப் பாதிச் சொல்லில் வெட்டி, அந்த அரைச்சொல்லை எதிரொலியில் மிதக்கவிடுவார். 1989இல் தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்படும் வரையில் அவர் திருத்துநராகவும் இருந்தார், கலைஞராகவும் இருந்தார். ஜப்பானின் கோபே நகரில் இனோவே தைசுகே 1971இல் காசு போட்டுப் பாடும் கரோக்கே இயந்திரத்தை வாடகைக்கு விட்டதும் இதே காலத்தில்தான். அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கசெட்டில் நான்கு தடங்கள் உண்டு: ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு. 1979இல் ஜப்பானின் டியக் நிறுவனம் வெளியிட்ட போர்டாஸ்டூடியோ 144, அந்த நான்கையும் ஒரே திசையில் ஓடவிட்டது. தரம் கூடவேண்டுமென்று வேகத்தையும் இரட்டிப்பாக்கியது. ஆகவே 60 நிமிடக் கசெட் 15 நிமிடமே ஓடும். ஆயிரம் டொலரைச் சற்றுத் தாண்டிய விலையில், கலவைப் பலகையும் உள்ளேயே இருந்தது. கிட்டாரை ஒரு தடத்தில், தாளத்தை இன்னொன்றில், குரலை மூன்றாவதில் வைத்துக்கொண்டு இராத்திரி முழுக்க ஏற்றி இறக்கிக் கேட்கலாம். பக்கத்தில் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கேட்க யாருமில்லை.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அத்தகைய மெஷினொன்றை 1982 சனவரியில் நியூ ஜேர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் தன் படுக்கையறையில் வைத்து, இரண்டு சாதாரண ஷூர் மைக்குகளோடு பாட்டுகளைப் பதிந்தார். நோக்கம், பிறகு வாத்தியக் குழுவுக்குப் போட்டுக்காட்டுவது. எக்கோபிளெக்ஸ் என்ற நாடா எதிரொலிப் பெட்டியினூடாக அனுப்பி ஒரு பழைய பனசொனிக் ரேடியோ கசெட்டில் கலவையை எடுத்தார். அந்தக் கசெட் உறைகூட இல்லாமல் அவர் சட்டைப்பையில் வாரக்கணக்காகத் திரிந்தது. பின் நியூயோர்க்கின் முதற்தரக் கூடத்தில் குழுவோடு அதே பாட்டுகளைப் பதிந்து பார்த்தார்கள். சரிவரவில்லை. ஈற்றில் சட்டைப்பைக் கசெட்டையே இசைத்தட்டாக்கினார்கள்; இரைச்சலோடு கூடிய அந்த ஒலியைத் தட்டில் வெட்டுவதற்குப் பொறியியலாளர்கள் பட்ட பாடு பெரிது. அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியான 'நெப்ராஸ்கா' அதுதான். குழுவோடு பதிந்தவையும் 2025இல் வெளிவந்துவிட்டன. இரண்டையும் வைத்துக் கேட்டேன். குழுப் பதிவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கசெட்டில் குரலும் கிட்டாரும் ஒரே அறையில் பிறந்து, ஒரே எதிரொலிக்குள் நடந்துபோகின்றன. ஒருவன் தனியே இருந்து சொல்லும் கதைகளுக்கு அந்த ஒற்றை அறைதான் பொருத்தம்.

நம்மவரின் இன்றைய பதிவுகளில் நான் காணும் குறை சரியாக இதற்கு எதிரானது. இணையத்தில் எடுத்த பின்னணி இசை ஒரு பெரிய மண்டபத்தின் எதிரொலியோடு வருகிறது. குரலோ மாபிள் பதித்த விறாந்தையில், மைக்கிலிருந்து இரண்டடி தள்ளிப் பதியப்படுகிறது. இரண்டும் ஒட்டாது. ஒட்டவில்லையென்று குரலின் சத்தத்தைக் கூட்டுவார்கள். அது இன்னும் துருத்தும். விலை கூடிய மைக் வாங்கினால் மாபிள் விறாந்தை இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான். கதவுக்கும் சுவருக்கும் கனத்த போர்வை தொங்கவிட்டு, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாடினால் அறை அடங்கும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வரும் உறுமலை வெட்டிவிடலாம். சொற்களின் தெளிவு 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையிலான பகுதியில் தங்கியிருக்கிறது. குரலை உயர்த்துவதைவிடப் பின்னணியில் அந்தப் பகுதியைச் சற்றுத் தாழ்த்துவது நல்லது. குரலுக்குக் கொடுக்கும் எதிரொலியும் பின்னணியின் மண்டபத்தை ஒத்திருக்கவேண்டும். இஸ்லாமிய கீதம் பாடுபவர்களுக்கு இன்னொன்று: ஸீன், ஷீன், ஸாத் என அரபுச் சொற்களில் மலிந்துகிடக்கும் சீறல் ஓசைகள் மைக்கில் கத்தியாய்ப் பாயும். மைக்கைக் கொஞ்சம் சரித்து வைத்தால் பாதி குறையும்.

கணினிக் காலத்தை விரைவாகவே கடந்துவிடலாம். 1992இல் விற்பனைக்கு வந்த எடெட் இயந்திரம் வீடியோக் கசெட்டில் எட்டு டிஜிட்டல் தடங்களைத் தந்தது. 2000இல் இலவசமாக வெளியான ஒடாசிட்டி, வீட்டுக் கணினியையே கலையகமாக்கியது. பழைய சிக்கலும் கூடவே வந்தது. கணினி ஒலியைச் செக்கனுக்கு 44,100 துண்டுகளாக வெட்டி, ஒரு தொகுதி சேர்ந்த பிறகே கையாளுகிறது. தொகுதிக்கு 1,024 துண்டென்றால் ஏறத்தாழ 23 மில்லிசெக்கன் தாமதம். உள்ளே போகவும் வெளியே வரவும் சேர்த்தால் இன்னும் கூடும். ஹெட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையில் அன்றிருந்த இடைவெளிதான் இது. பில்லி ஐலிஷ் தன் அண்ணனின் படுக்கையறையில் பதிந்து 2019இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு அடுத்த ஆண்டு கிராமி விருதுகளில் தலையாயதைப் பெற்றபோது பலர் வியந்தார்கள். மேரி போர்ட்டின் குசினியை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பிருந்திராது.

குரலும் பின்னணியும் பிரிந்திருப்பதன் பயன் நமது கீதங்களிலும் உண்டு. வாத்திய இசை கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் இறங்கப்போவதில்லை. அது மார்க்க அறிஞர்களின் துறை. ஆனால் மாஹிர் ஸெய்னின் 2009ஆம் ஆண்டுத் தொகுப்பு வாத்தியங்களோடு ஒன்றும், தாளமும் குரல்களும் மட்டுமாக ஒன்றும் என இரு வடிவங்களில் கிடைப்பதைக் கவனியுங்கள். குரல் தனித் தடத்தில் இருக்கும்போது, ஒரே பாட்டு இரு சாராரின் வீட்டுக்குள்ளும் போகமுடிகிறது.

தனித் தடத்தில் இல்லாத குரலை என்ன செய்வது? ஜோன் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயோர்க்கில் தன் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடிய பாட்டுகளைச் சாதாரணக் கசெட்டில் பதிந்து வைத்திருந்தார். 1980இல் அவர் கொல்லப்பட்டார். 1994இல் யோகோ ஓனோ அக்கசெட்டுகளை போல் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். எஞ்சிய மூவரும் அவற்றில் இரண்டை நிறைவுசெய்தார்கள். மூன்றாவதான 'நவ் அன்ட் தென்' மடியவில்லை. மின்சார உறுமலும் குரலை மூடிய பியானோவும் ஒரே நாடாவில் இறுகிக் கிடந்தன. 1995இல் கைவிட்டார்கள், 2001இல் ஜோர்ஜ் ஹரிசனும் காலமானார். பின்னர் இயக்குநர் பீற்றர் ஜக்சனின் குழு, பீட்டில்ஸ் பற்றிய ஆவணப்படத்துக்காக, குரல் எது வாத்தியம் எது என்று பழக்கப்பட்ட கணினி முறையொன்றை உருவாக்கியது. அதைக்கொண்டு லெனனின் குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 2023 நவம்பர் 2ஆம் திகதி பாட்டு வெளியானது. அதைக் கேட்ட அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இசையின் சிறப்பல்ல காரணம்.

மருதமுனை நானா 2004 டிசம்பர் 26இல் கடலோடு போனார். அவர் வீடும் அதிலிருந்த கசெட்டுகளும் போயின. சாச்சா வீடு ஊரின் மேற்குப் பக்கம் மாறியிருந்தபடியால் ஒரேயொரு கசெட் எங்களிடம் தங்கியது. இரண்டு பாட்டுகள், மூன்று சுற்று இரைச்சல். பாரிசின் டீசர் நிறுவனம் 2019இல் ஸ்பிளீட்டர் என்ற பிரிப்பு மென்பொருளை எவரும் பயன்படுத்தலாமென இலவசமாக வெளியிட்டிருந்தது. குரல், மேளம், அடிச்சுருதி, ஏனையவை என அது ஒரு பாட்டை நான்கு கோப்புகளாக்கும். கசெட்டைக் கணினிக்கு மாற்றி அதனிடம் கொடுத்தோம். குரல் கோப்பில் நானா ஓரளவு தெளிவாகவே இருக்கிறார். சில சொற்களின் ஓரங்கள் நீருக்குள்ளிருந்து கேட்பன போலுள்ளன. அவர் மூச்செடுப்பது கேட்கிறது. அவருடைய மகள் அந்தக் கோப்பை மட்டும் தன் போனில் வாங்கிக்கொண்டாள்.

ஆர்மோனியம் ஏனையவற்றில் இருந்தது. மேளக் கோப்பைத் திறந்தால் றபானோடு அந்த அயல்வீட்டுத் தறியும் நின்றது. அதையும் ஒரு வாத்தியமென்றே மென்பொருள் எண்ணியிருக்கிறது.